ஏரிக்கு மேலே தைலமரம்: கடலூர் மாவட்டப் பசுமைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பசுமைக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் எந்தப் புறம்போக்கில் எத்தனை ஆயிரம் கன்று என்று பட்டியல் தயாராகும். அது முடிவாவதற்குள் ஒரு கோரிக்கையைச் சொல்லிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். ஏரிகளின் வரத்துப் பகுதியிலும் செம்மண் கொல்லை மேட்டிலும் தைலமரத்தையோ (யூகலிப்டஸ்) சவுக்கையோ நெருக்கி நட்டு ஏக்கர் கணக்கில் தோப்பாக்கும் திட்டம் எதுவாக இருந்தாலும், அதைப் பசுமைத் திட்டம் என்று மட்டும் பார்க்காதீர்கள். அது தண்ணீர் எடுக்கும் திட்டமும்தான். புதிதாக ஒரு போர் (ஆழ்குழாய்க் கிணறு) போட வந்தால் என்னென்ன கேட்பீர்களோ, அத்தனையையும் அந்தத் தோப்புக்கும் கேளுங்கள்.

நான் பண்ருட்டி வட்டத்தில் ஏரிப் பாசனத்தில் நெல்லும், மேட்டுக் கொல்லையில் மல்லாட்டையும் (நிலக்கடலை) முந்திரியும் வைத்திருப்பவன். என் உறவுக்காரர்கள் கடலோர மணல் கொல்லையில் சவுக்கு போட்டிருக்கிறார்கள். சவுக்கு வெட்டிய காசில் கல்யாணம் நடந்த வீடுகள் எங்கள் பக்கம் ஏராளம். ஆகவே மரம் வளர்ப்பவர்கள் மீது கோபம் கொண்டு எழுதும் மடல் இல்லை இது.

முதலில், எங்கள் தரப்பிலிருந்து கிளம்பும் மிகைப்பேச்சை நானே ஒதுக்கி வைத்துவிடுகிறேன். தைலமரம் காற்றில் இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும், அதனால்தான் மழையே இல்லை என்கிறார்கள். ஒரு மரம் நாளைக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் குடிக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. எந்த வயது மரம், எந்த மண், எந்த மாதம் என்று சொல்லாத அந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை. வனத்துறை அதிகாரி ஒருவர் எழுந்து, "ஒரு கிலோ மரம் உண்டாக்க நம் நாட்டு மரங்கள் பலவற்றைவிடத் தைலமரத்துக்குக் குறைவான தண்ணீரே போதும்" என்று சொன்னால் கூட்டம் வாயடைத்துப் போகும். அவர் சொல்வதும் சரிதான், அப்படிக் காட்டும் ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஏரிக்கு வர வேண்டிய தண்ணீருக்கு அந்தக் கணக்கு உதவாது. சிக்கனமாகக் குடிக்கும் மரம்தான், ஆனால் அது ஓயாமல் வளர்கிறது, அதனால் ஓயாமல் குடிக்கிறது. எங்களுக்கு வேண்டியது ஏக்கருக்கு எவ்வளவு என்ற கணக்கு.

மல்லாட்டைக் கொல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மல்லாட்டை நாலு மாதத்துக்குள் முடிந்துவிடும். அப்புறம் கொல்லை சும்மா கிடக்கும். அந்த நாட்களில் பெய்யும் மழையில் ஒரு பங்கு கீழே இறங்கும், ஒரு பங்கு ஓடி ஏரிக்குப் போகும். தைலமரமோ சித்திரை வெயிலிலும் பச்சையாகவே நிற்கும், இலை வழியே நீரை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். மல்லாட்டை வேர் எட்டாத ஆழத்தில் இருக்கும் ஈரமும் அதற்கு எட்டும். தூறல் மழையில் ஒரு பகுதி இலையிலேயே தங்கி, மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். வெட்டினாலும் விடாது, அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு கிளம்பும்போது, ஏற்கெனவே ஆழத்தில் இருக்கும் வேரோடுதான் கிளம்புகிறது.

ஒரு எளிய கணக்கு சொல்கிறேன். 1 ஏக்கரில் 100 மில்லிமீட்டர் மழை என்றால் சுமார் 4 லட்சம் லிட்டர். மேட்டில் 100 ஏக்கர் தோப்பு, மானாவாரிப் பயிரைவிட ஆண்டுக்கு 100 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 4 கோடி லிட்டர் ஆகிவிடுகிறது. இந்த 100 என்பது நான் உதாரணத்துக்கு வைத்த எண். உண்மையான எண்ணை அளந்து பார்க்கச் சொல்லித்தான் இந்த மடலே.

அளந்த இடங்கள் இருக்கின்றன. தூரத்தில் வேண்டாம், நம் நீலகிரியையே எடுத்துக்கொள்வோம். கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் 1972இல் 59 சதவீத நிலத்தில் கற்பூர மரம் நட்டார்கள் (அங்கே நீல யூகலிப்டஸுக்கு அதுதான் பெயர்). முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைக்கு வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிவிட்டு மறுதாம்பு விட்ட இரண்டாவது சுற்றில் குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. மழை இல்லாத மாதங்களில் ஊற்றாகக் கசியும் நீரும் அதே கதிதான். நீலகிரி குளிர்ந்த மலை, கடலூர் கொதிக்கும் சமவெளி, இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுதாம்பில் பாதிப்பு கூடியது என்ற செய்தியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் தைலமரம் நட்டால் ஒரே வெட்டோடு யாரும் விடுவதில்லை.

சமவெளிக்குச் சான்று பெங்களூருக்குப் பக்கத்து ஹொசகோட்டே. இயன் கால்டர் என்ற பிரிட்டிஷ் நீரியல் அறிஞரும் அவர் குழுவினரும் கர்நாடகத்தில் பல இடங்களில் அளந்தார்கள். அதில் வந்த முடிவுகள் இரு தரப்பையும் கொஞ்சம் சங்கடப்படுத்தும். மண் அதிக ஆழமில்லாத இடங்களில், தைலமரம் எடுத்த நீரும் அங்கிருந்த நாட்டுக் காடு எடுத்த நீரும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டுமே பெய்த மழையை முழுக்கத் தீர்த்துவிட்டன. கேழ்வரகு வயல் எடுத்தது அதில் பாதிதான். ஆழமான செம்மண் இருந்த ஹொசகோட்டேயில் கதை வேறு. மூன்று வறட்சி ஆண்டுகளில் பெய்த மழை 2,100 மில்லிமீட்டர், மரங்கள் எடுத்தது 3,400. மிச்சம் எங்கிருந்து வந்தது? பல காலமாக ஆழத்தில் சேர்ந்திருந்த ஈரத்திலிருந்து. இளம் மரங்களின் வேர் ஆண்டுக்கு 2.5 மீட்டருக்குக் குறையாமல் கீழே இறங்கிப் போய் அதை எடுத்திருக்கிறது. வட்டியைத் தின்று முடித்து முதலில் கைவைப்பது போல.

ஆக, மரத்தின் பெயரை மட்டும் வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. எந்த மண்ணில், எவ்வளவு நெருக்கமாக, யாருடைய தண்ணீருக்கு மேலே நடுகிறோம் என்பதுதான் பேச்சு. அந்த வகையில் நம் மாவட்டத்து மேடு சாதாரண மேடு இல்லை.

புவியியல் படித்தவர்களுக்கு "கடலூர் மணற்கல்" என்றால் தெரியும். நம் ஊர்ப் பெயரிலேயே வழங்கும் பாறை அடுக்கு அது. விருத்தாசலம், நெய்வேலி, பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண் மேடுகளில் அது நிலத்துக்கு மேலேயே தெரிகிறது. அங்கே இறங்கும் மழைநீர் கிழக்கே கடலை நோக்கி அடியிலேயே நகர்ந்து, கடலூர், புதுச்சேரிப் பக்கத்து ஆழ்குழாய்களுக்கு வருகிறது. ஒரு காலத்தில் இந்தப் பகுதியில் குழாய் இறக்கினால் மோட்டாரே இல்லாமல் தண்ணீர் தானாகப் பொங்கி வந்ததும், நெய்வேலியில் கீழிருந்து முட்டும் ஊற்றுநீரை இரவு பகலாக வெளியேற்றாமல் நிலக்கரி வெட்ட முடியாததும் இந்த அடுக்கின் பலத்தால்தான். அப்படிப்பட்ட நிலத்தடி நீருக்கு வாசலாக இருக்கும் மேட்டில்தான் ஆழமான மண்ணும் இருக்கிறது, தைலமரமும் நன்றாக வருகிறது. ஹொசகோட்டேயை நான் இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

"சுரங்கம் இறைக்கும் தண்ணீருக்கு முன்னால் உங்கள் தைலமரம் எம்மாத்திரம்? கரும்பும் நெல்லும் குடிக்காததா?" என்று கேட்கலாம். கேட்கத்தான் செய்கிறார்கள். சுரங்கத்தைப் பற்றியும், இலவச மின்சாரத்தில் இரவெல்லாம் ஓடும் எங்கள் மோட்டாரைப் பற்றியும் தனியாகப் பேசத்தான் வேண்டும். ஆனால் அவை தண்ணீர் எடுக்கின்றன என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. தோப்பு மட்டும்தான் எடுத்துக்கொண்டே, நீரைக் காப்பதாகப் பாராட்டும் வாங்குகிறது.

இன்னொரு பதிலும் வரும்: "கடலூர் வறண்ட மாவட்டமா என்ன? 2015இல் மூழ்கியது, 2024இல் ஃபெஞ்சல் புயலில் மறுபடி மூழ்கியது." மூழ்கியது உண்மை. ஆண்டுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் மழை வருகிறது, அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிய சில வாரங்களில் கொட்டித் தீர்க்கிறது. தாழ்வான கிராமம் மிதக்கும் அதே ஆண்டில், மேட்டுக் கொல்லைக் கேணி பங்குனியில் வற்றுகிறது. தை முதல் ஆனி வரை மேட்டில் இருப்பவர்கள் வறண்ட சீமைக்காரர்கள்தான்.

சரி, நிலத்துக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றைச் சொல்கிறேன். தோப்பு போடும்போது மர வரிசைகளுக்கு நடுவே டிராக்டர் வைத்துப் பள்ளமும் வரப்பும் போட்டு, மழைநீரை அங்கேயே நிறுத்துவார்கள். மரத்துக்கு நல்லது. மழைநீர் சேமிப்பு என்று அதைக் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சரிவு ஒரு ஏரியின் வரத்துப் பகுதி என்றால், ஏரிக்குப் போக வேண்டிய நீரை வழியில் மறித்துத் தோப்புக்குக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். புதுக்கோட்டை மாவட்ட விவசாயிகள் பல ஆண்டுகளாகத் தைலமரக் காடுகளை எதிர்த்துப் போராடுவதில் முக்கியமான புகாரே இதுதான். எங்கள் ஏரிக்கு மேற்கேயும் அப்படி ஒரு தோப்பு இருக்கிறது. யாருடையது என்பது இங்கே வேண்டாம். அந்தச் சரிவிலிருந்து வரும் வாய்க்காலில், முன்பெல்லாம் ஒரு நல்ல மழைக்கே செம்மண் தண்ணீர் புரண்டு வரும். இப்போது அடைமழை பிடித்தால்தான் வாய்க்கால் நனைகிறது. இதற்குத் தோப்பு மட்டுமே காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், வாய்க்காலில் ஆக்கிரமிப்பும் இருக்கிறது. ஆனால் பள்ளம் வெட்டியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

சவுக்கைப் பற்றி வேறு மாதிரிதான் பேச வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சினுக்கு விறகாக இந்தக் கடற்கரையில் வளர்க்கத் தொடங்கிய மரம், இன்று பந்தல் கால், சாரம், அடுப்பு, காகிதக் கூழ் என்று எல்லாவற்றுக்கும் ஆகிறது. வேர் முடிச்சுகளில் நுண்ணுயிரை வைத்துக்கொண்டு காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்து மண்ணுக்குக் கொடுக்கிறது. தைலமரத்துக்கு அந்தக் குணம் இல்லை. புயல் காற்றுக்குத் தடுப்பாகக் கடலோரத்தில் பட்டையாக நட்டிருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். என் கவலை வேறு இடத்தில். மீட்டருக்கு ஒன்று என்ற பழைய கணக்கில் ஏக்கருக்கு 4,000 கன்று நட்டு, சொட்டுநீர் போட்டு, அவசரமாக வளர்த்து வெட்டும் தோப்புகள் கடலை ஒட்டியே பெருகுகின்றன. கடலோர மணலில் நல்ல நீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. மேலே நல்ல நீர் மட்டம் 1 அடி இறங்கினால், அடியில் உப்புநீர் சுமார் 40 அடி ஏறிவரலாம் என்பது நீரியலில் பழைய கணக்கு. போர் தண்ணீர் கரிக்கத் தொடங்கிய கிராமங்கள் கடலூரிலிருந்து புதுச்சேரி வரை இருக்கின்றன. அங்கே கூடுதலாக இறைக்கும் ஒவ்வொன்றும் கணக்கில் வர வேண்டும், தோப்பும் சேர்த்து.

விவசாயி ஏன் இந்த மரங்களுக்குப் போகிறான் என்பதை நீங்கள் புரிந்துகொள்ளாவிட்டால் எந்த உத்தரவும் நிற்காது. களை எடுக்க ஆள் இல்லை. மல்லாட்டைக்கு விலை இல்லை, கிடைத்தாலும் காட்டுப்பன்றி மிச்சம் வைப்பதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல் ஒரே இரவில் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. முந்திரிக் கன்று மறுபடி காய்க்க ஆண்டுகள் ஆகும். நான்கு ஐந்து ஆண்டில் லாரி வந்து ஏற்றிக்கொண்டு பணம் கொடுக்கும் மரத்தை நடுவதில் என்ன வியப்பு? பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் இருக்க, ஊரில் இருக்கும் கிழவனும் கிழவியும் பார்த்துக்கொள்ளக்கூடிய பயிர் இது ஒன்றுதான். அதனால் பட்டா நிலத்தில் தடை போடுங்கள் என்று கேட்கவில்லை. 2017இல் கர்நாடகம் புதிதாக யூகலிப்டஸ் நடுவதற்கே தடை விதித்தது. அதைவிடத் தென்னாப்பிரிக்கா செய்ததுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்த நாட்டு 1998ஆம் ஆண்டின் நீர்ச் சட்டம், வணிகத் தோப்பு வளர்ப்பை "ஓடைநீரைக் குறைக்கும் செயல்" என்று வகைப்படுத்தி, உரிமம் வாங்கச் சொல்கிறது. காரணம், 1930களிலிருந்தே அங்கே அளந்துகொண்டு வந்திருக்கிறார்கள். மொகோபுலான் என்ற இடத்தில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்ட ஒன்பதாம் ஆண்டில் ஓடை அடியோடு நின்றது. பதினாறு வயதில் எல்லா மரத்தையும் வெட்டினார்கள். ஓடை திரும்பி வர அதற்கப்புறம் ஐந்து ஆண்டுகள் ஆயின. மண் இழந்த ஈரத்தை முதலில் நிரப்பிக்கொண்டு, பிறகுதான் ஓடைக்கு விட்டிருக்கிறது. தோப்பை வெட்டிவிட்டோம், அடுத்த மழைக்கே ஏரி நிரம்பும் என்று நினைப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

மரமே வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில், வயல்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மரம் நிற்கும் நிலத்தை ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வந்தது. மரமே இல்லாத இடத்தில் மண் இறுகி, மழை ஓடிவிடுகிறது. நெருக்கமான தோப்பில் மரமே குடித்துவிடுகிறது. நடுத்தரமாக மரம் இருக்கும் இடத்தில்தான் நிலத்தடிக்கு அதிக நீர் இறங்குகிறது. படித்தபோது எங்கள் பழைய கொல்லைதான் ஞாபகம் வந்தது: வரப்பில் பனை, ஓரத்தில் வேம்பு, இடையிடையே பலா, நடுவில் மல்லாட்டை. யாரும் இதைத் திட்டம் என்று சொல்லவில்லை, இதற்கு மானியமும் கிடையாது. அது மட்டும் ஏன் என்று உங்கள் குழு ஒரு நாள் பேசலாம்.

ஆரோவில்லையும் சொல்லியாக வேண்டும். 1968இல் அந்தச் செம்மண் மேடு மழை அரித்துப் பள்ளமாகிக் கிடந்தது. வரப்புக் கட்டி நீரை நிறுத்தி, ஆரம்பத்தில் வேகமாக வளரும் ஆஸ்திரேலிய அக்கேசியாவைக்கூட நட்டார்கள். அதன் நிழலில் நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். கீழ்ப்புதுப்பட்டு ஐயனார் கோயில் காட்டில் இன்னும் நிற்கும் காசான், வீரை, பாலை போன்றவைதான் இந்தக் கரையின் சொந்த மரங்கள். அந்தக் காடும் தண்ணீர் குடிக்கும், கால்டர் அளந்தது போலவே. ஆனால் ஐந்தாண்டுக்கு ஒரு முறை யாரும் அதை லாரியில் ஏற்றுவதில்லை, உழுது மண்ணைத் திறந்துபோடுவதும் இல்லை.

இனி என் கோரிக்கைகள். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022இல் தொடங்கியபோது 33 சதவீதப் பசுமைப் பரப்பு என்று இலக்கு வைத்தார்கள். நம் மாவட்டத்தில் அந்த எண்ணை எட்டுவதற்காகக் கூழ்மரத் தோப்பையும் நாட்டு மரத்தையும் ஒரே கட்டத்தில் போட்டுக் கூட்டாதீர்கள், தனித்தனியாகக் காட்டுங்கள். ஏரி வரத்துப் பகுதியில் இருக்கும் அரசு நிலத்தில் புதிதாகத் தைலமரம் நடுவதை நிறுத்துங்கள். இருக்கும் தோப்பை அடுத்த வெட்டோடு முடித்து, மறுதாம்பு விடாமல் கட்டையைப் பெயர்த்துவிடுங்கள். வரத்தை மறிக்கும் பள்ளங்களை மூடுவதற்குக் காத்திருக்கவே வேண்டாம், இந்த ஆவணியிலேயே செய்யலாம்.

பட்டா நிலத்தில் யார் நடுகிறார்களோ அவர்களிடம் மூன்று விவரம் மட்டும் கேட்டுப் பதிவு செய்யுங்கள்: எத்தனை ஏக்கர், எந்த மரம், தண்ணீர் பாய்ச்சுகிறார்களா. பிர்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) வாரியாக நிலத்தடி நீரைத் தரம் பிரித்து அரசு வைத்திருக்கும் பட்டியலோடு அதை வைத்துப் பார்த்தால், எந்தப் பிர்காவில் கொஞ்சம் பொறுக்க வேண்டும் என்று தெரிந்துவிடும். மாற்றுப் பயிருக்கு வருபவர்களுக்கு, காய்ப்பு வரும் வரை தாக்குப்பிடிக்க உதவித்தொகை கொடுங்கள். விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 முந்திரி ஒட்டுக்கன்று கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கன்று கிடைக்கிறது, அது காய்க்கும் வரை வாயும் வயிறும் என்ன செய்யும் என்பதுதான் எங்கள் சிக்கல்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அளவெடுங்கள். செம்மண் மேட்டில் ஒரு தைலமரத் தோப்பு, அருகிலேயே ஒரு முந்திரிக் கொல்லை, ஒரு மல்லாட்டைக் கொல்லை. மூன்றிலும் கண்காணிப்புக் கிணறு, மழைமானி, மண் ஈரம் பார்க்கும் கருவி. ஒரு வெட்டுக்காலமாவது விடாமல் எழுதி வர வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும் பக்கத்தில்தான் இருக்கின்றன. புதுச்சேரி அரசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே புதுச்சேரியின் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் போகும்போது மாநில எல்லை குறுக்கே வருவதில்லை. வரும் கணக்கு நான் சொன்னதற்கு எதிராக இருந்தால், அதையும் கிராம சபையில் படித்துக் காட்டுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

முந்திரிக் கொல்லைக்கும் மல்லாட்டைக் கொல்லைக்கும் என் நிலத்தையே எடுத்துக்கொள்ளலாம். கேணியில் நீர்மட்டம் அளக்க வாடகை வேண்டாம். கருவியை ஆடு மாடு முட்டாமல் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மழை தொடங்குவதற்குள் யாராவது வந்து இடத்தைப் பார்த்தால் போதும்.

இப்படிக்கு,
ஏரிப் பாசன விவசாயி ஒருவர்,
பண்ருட்டி வட்டம், கடலூர் மாவட்டம்.